வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

எங்கள் வேம்பாரில் கடலுக்கு வேலி கிடையாது. கரைக்கு வந்து ஏறிவிட்டால் ஓரடி மண்ணுக்கும் வேலி உண்டு, அந்த வேலிக்கு ஒரு சண்டையும் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்று போனது) கடலுக்கு அடியில் இருக்கிற ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் வைத்து, கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் பனைக் கூட்டத்தையும் அடையாளம் பார்த்து, இன்ன இடம் என்று சொல்லிவிடுவார்களாம் பெரியவர்கள். கண்ணுக்குத் தெரியாத கடலில் எல்லை சொன்னவர்கள் ஊரில்தான், கண்ணுக்கு நேரே இருக்கிற கொல்லைப்புறத்து எல்லைக்காக நானும் என் பக்கத்து வீட்டு மதினியும் எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம்.

இதை எழுத வேண்டுமா என்று என்னவர் கேட்டார். எழுதினால் நாலு வீட்டுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். யார் வீட்டில் வேலித் தகராறு இல்லை, சொல்லுங்கள்!

எங்கள் வீட்டுக்கும் மேல வீட்டுக்கும் நடுவில் தெருவிலிருந்து கொல்லை வரை சுமார் அறுபதடி நீளத்துக்கு மட்டை வேலிதான் இருந்தது. எங்கள் பக்கத்துப் பனங்காட்டில் கருக்குமட்டைக்கு என்ன பஞ்சம்? பதனீர் சீசன் முடிந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய மட்டையைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டுவிட்டுப் புது மட்டை நட்டுக் கட்டுவோம். பாதி மட்டை அவர்கள் வாங்குவார்கள், பாதி நாங்கள். என் மாமியாரும் மேல வீட்டு ஆச்சியும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, "அந்த முளையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடு" என்று வேலையாளை அதட்டுவார்கள். வேலிக்கு இடையில் குழம்புக் கிண்ணம் போகும், வரும். என் இரண்டாவது பெண் பிறந்தபோது இருபது நாள் எனக்குப் பத்தியச் சோறு அந்த வேலி வழியாகத்தான் வந்தது.

பிறகு இரண்டு கிழவிகளும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மேல வீட்டில் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினான். மட்டை வேலி கௌரவக் குறைச்சலாகிவிட்டது, காம்பவுண்டு சுவர் எழுப்ப வேண்டும் என்றார்கள். நல்ல விஷயம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் காலையில் துணி துவைக்கக் கொல்லைக்குப் போனால், கொத்தனார் நூல் பிடித்து நிற்கிறார். நூல் எங்கள் பக்கமாக இரண்டடி உள்ளே வந்து, நான் துவைக்கிற கல்லையும் முருங்கை மரத்தையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறது. கூலியாள் மண்வெட்டியோடு வானம் தோண்டத் தயாராக நிற்கிறான்.

"என்ன மதினி, இப்படிச் செய்றிய?" என்றேன்.

"எங்க பத்திரத்துல உள்ள இடத்தத்தான் எடுக்கோம். உங்க இடம் எங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

என்னவர் வந்தார். அந்த வீட்டு அண்ணாச்சி வந்தார். அதற்குப் பிறகு பேசினதை எல்லாம் இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. கடைசியில் என்னவர் அந்த நூலை அறுத்துப் போட்டார். அவ்வளவுதான், அன்றோடு பேச்சு நின்றது. வேலை நின்றது. பாதி பிடுங்கின வேலியோடு கொல்லை திறந்து கிடந்தது. அந்தச் சந்தில் வேலிக்கருவை முளைத்தது. பெயரைப் பாருங்கள், பெயரிலேயே வேலி, வெளியிலிருந்து இந்த நாட்டுக்குக் கொண்டு வந்த மரம்! 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, இப்போது ராமநாதபுரம், விளாத்திகுளம் பக்கமெல்லாம் கண்மாயிலும் காட்டிலும் வேறு ஒன்றையும் வளர விடாமல் நிற்கிறது. அதை அகற்றச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போயிற்று. 2022-ல் தமிழக அரசு இதைப் போன்ற அந்நியத் தாவரங்களை ஒழிக்க ஒரு கொள்கையே வெளியிட்டது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

அந்த முள்தான் என் சின்ன மகள் காலில் ஏறியது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, சின்னக் குழந்தை வைத்திருக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலிக்கருவை முள் தைத்தால் பாதி முறிந்து உள்ளேயே நின்றுவிடும். மேலே தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு, "சரியாப் போச்சு" என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி விட்டுவிடாதீர்கள். முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். முள் முழுதும் வந்ததா என்று சந்தேகமாக இருந்தாலும், இரண்டு நாளில் வீங்கிக் கன்றினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தனுர்வாயு என்கிற ரணஜன்னி துருப்பிடித்த கம்பியால் மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். முள், ஆணி, மூங்கில் சிலாம்பு, எது ஆழமாகக் குத்தினாலும் வரலாம். குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடுகிற ஊசியிலேயே இதற்கும் மருந்து இருக்கிறது. பிறகு ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, ஐந்து வயதுக்கு மேல் ஒன்று, பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாம் இலவசம். அட்டையை எடுத்துப் பாருங்கள், பத்து வயது ஊசியைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருந்தேன்.

வேலிக்கு வைக்கிற செடியிலும் கவனம் வேண்டும். கள்ளி வைத்தால் ஆடு மாடு வராது, உண்மைதான். ஆனால் ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரமாவது நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் டாக்டரிடம் போக வேண்டும். அரளி பூ அழகாக இருக்கும். ஆனால் இலை, பூ, தண்டு அத்தனையும் விஷம், தவழ்கிற குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். நொச்சி, ஆடாதோடை, மருதாணி, கிளுவை இவையெல்லாம் வேலிக்கு ஏற்றவை. கிளுவையைப் போத்தாக வெட்டி நட்டால் போதும், தானே துளிர்க்கும். ஆடாதோடையை ஆடு தொடாது, பேரிலேயே இருக்கிறதே!

விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம். மாசி போய், வைகாசி போய், ஐப்பசி வந்துவிட்டது. மேல வீட்டில் ஒரு நாள் ராத்திரி குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. மகன் வீட்டுக் குழந்தை, காய்ச்சல் போலிருக்கிறது. முன்னேயென்றால் ஓடியிருப்பேன். அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் என் மீதே வெறுப்பாக இருக்கிறது.

என் மூத்த மகள்தான், "அம்மா, சண்டை போடறதுக்கு முன்னால அளந்தாவது பாருங்க" என்றாள். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவையும் புல வரைபடத்தையும் போனிலேயே பார்க்கலாம். அதில் நம் மனையின் நான்கு பக்க அளவும் மீட்டரில் போட்டிருக்கும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் என்று வரும். ஒரு ஏர் என்பது ஏறக்குறைய இரண்டரை சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் சென்ட் கணக்கும் 'கிழக்கே இன்னார் மனை, மேற்கே இன்னார் மனை' என்ற நான்கெல்லையும்தான் இருக்கும். பழைய பத்திரங்களில் 'உத்தேசம்' என்று வேறு எழுதியிருப்பார்கள். அந்த உத்தேசத்தில்தான் ஊரில் பாதித் தகராறு. கிராம நத்தத்தில் வீடு உள்ளவர்களுக்குத் தனியாக நத்தம் பட்டா உண்டு. கையில் இருப்பது தோராயப் பட்டாவா, தூய பட்டாவா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு நாமே டேப் பிடித்து அளந்தால் தீராது. எந்தப் புள்ளியிலிருந்து ஆரம்பிப்பது என்பதிலேயே அடுத்த சண்டை வரும். தாலுகா ஆபீசுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இ-சேவை மையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டால் சொல்வார்கள். 1923-ம் வருஷத்து நில அளவை, எல்லைகள் சட்டம்தான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. பக்கத்து மனைக்காரருக்கும் நோட்டீஸ் போகும், இருவரும் கூட இருக்கும்போதுதான் அளப்பார்கள். அளந்தது சரியில்லை என்று தோன்றினால் மேலதிகாரியிடம் அப்பீல் போகலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் மூன்று வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம், ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. 'ராத்திரியோடு ராத்திரியா' யோசனை சொல்கிற மச்சான்மார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

சர்வேயர் வந்தார். தெருமுனைக் கல்லிலிருந்து அளந்து கொண்டு வந்தார். தெருப் பக்கம் எல்லை எங்கள் பழைய வேலியைவிட அரையடி அவர்கள் பக்கம் போனது, அவர்கள் வாசல்படி எங்கள் மனையில் நின்றது. என்னவர் முகத்தில் சிரிப்பு. அப்படியே கொல்லைப் பக்கம் வந்தார். அங்கே எல்லை எங்கள் பக்கமாக ஒன்றேகால் அடி உள்ளே வந்தது. துவைக்கிற கல் அவர்கள் மனையில். முருங்கை மரம் அவர்கள் மனையில். அவர்கள் சொன்ன இரண்டடியும் தப்பு, நாங்கள் சொன்ன வேலியும் தப்பு.

என்னவர் விடவில்லை. வக்கீலைப் பார்த்தார். அடுத்தவர் இடத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல், அவர் அறிய, அவர் உரிமையை மறுத்து நமதாகவே ஆண்டு வந்தால், அனுபவ பாத்தியதை கேட்கலாம் என்று 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. "முப்பது வருஷ மரம், முப்பது வருஷக் கல்லு. கேஸ் போட்டுப் பார்க்கலாம். உங்க வீட்டம்மா சாட்சி சொன்னாப் போதும்" என்றாராம் வக்கீல்.

அங்கேதான் எனக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஏனென்றால் அந்த மரம் எப்படி எங்கள் பக்கம் வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த மறு வருஷம். வேலி கட்டும்போது முருங்கைக் கன்று நடுவில் நின்றது. என் மாமியார், "ஆச்சி, வேலியை இந்தக் கன்னுக்கு அந்தாலே வளைச்சுக் கட்டிக்கிடட்டுமா? ஒரு துவைக்கிற கல்லும் போட்டுக்கிடுவேன்" என்று கேட்டார்கள். ஆச்சி, "கட்டிக்க. எடம் எங்க ஓடிப் போகுது? எனக்கும் கீரை தந்தாச் சரி" என்றார்கள். கூட நின்று மட்டை எடுத்துக் கொடுத்தது நான். கேட்டவரும் இல்லை, கொடுத்தவரும் இல்லை. இந்தப் பேச்சு மேல வீட்டு மதினிக்குத் தெரியாது, அவள் கல்யாணமாகி வந்தது அதற்குப் பிறகு.

அனுமதி வாங்கி இருப்பது அனுபவ பாத்தியதை ஆகாது. எத்தனை வருஷம் இருந்தாலும் ஆகாது. வக்கீலிடம் இதைச் சொன்னால் கேஸ் இல்லை. சொல்லாமல் இருந்தால் இருக்கலாம். என்னவரிடம் ராத்திரி இதைச் சொன்னேன். "இப்போ இதை யார் கேட்டா?" என்றார். கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள், அப்போது நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். ஒரு வாரம் வீட்டில் அடுப்பு எரிந்தது, பேச்சு இல்லை. பக்கத்து வீட்டோடு பேச்சில்லாதது போய், சொந்த வீட்டிலேயே பேச்சில்லை!

அந்த வாரத்தில் விசாரித்ததில் எனக்கு இன்னொன்று தெரிந்தது. எல்லாச் சகோதரிகளும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, பெண்ணாக இருந்தால் போதும். தாலுகா கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துத் தீர்ப்பு எழுதிக் கொடுப்பார்கள். அதற்குச் செலவில்லை, அதன் மேல் அப்பீலும் இல்லை. வேலித் தகராறை வருஷக்கணக்கில் இழுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மேல வீட்டு வாசலில் போய் நின்றேன். "மதினி, உள்ள வரலாமா?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டாள். ஆச்சி சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். அவள் அழுதாள். "அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மதினி" என்றாள். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான், அந்தக் காய்ச்சல் குழந்தை ஓடி வந்து என் மடியில் ஏறிவிட்டது.

சுவர் கட்டியாயிற்று. சர்வேயர் காட்டிய கோட்டில்தான். அதில் சில விஷயங்கள் கற்றுக்கொண்டேன், சொல்கிறேன். எல்லையில் கட்டுகிற சுவருக்கு, மேலே தெரிகிற சுவர் மட்டும் நம் இடத்தில் நின்றால் போதாது, பூமிக்குள் போகிற அஸ்திவாரமும் நம் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பாதிப் பாதிச் செலவு போட்டு நடுவில் கட்டுவதானால், அதை ஒரு காகிதத்தில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பேரன் காலத்தில் உதவும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு இருபது வருஷம் தடையில்லாமல் காற்றும் வெளிச்சமும் வந்திருந்தால், அது அவர்கள் உரிமையாகிவிடுகிறது. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இருபது வருஷம் நடந்த பாதைக்கும், ஓடின மழைத் தண்ணீருக்கும் இதேபோல்தான். ஆகவே சுவரை உயர்த்துமுன் ஜன்னலையும் வாய்க்காலையும் பாருங்கள். எங்கள் மழைத்தண்ணீர் ஆற்றுப் பக்கம் போவதற்குச் சுவரின் அடியில் இரண்டு துவாரம் விட்டிருக்கிறார்கள்.

கட்டுமுன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. தமிழ்நாடு முழுவதற்கும் 2019-ல் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்துவிட்டன. நம்மைப் போன்ற கரையோர ஊர்க்காரர்களுக்கு அது மட்டும் போதாது. 1991-லிருந்து கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு இருக்கிறது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கட்டுப்பாடு மாறும். கட்டி முடித்துவிட்டு இடிக்கச் சொன்னால் யாரிடம் போய் அழுவது?

சுவர் ஓரத்தில் கழிவறைக் குழி தோண்டுகிறவர்களுக்கும் ஒன்று. கழிவுநீர் உறிஞ்சுகுழி குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது அறுபதடி, தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 'நம் கிணற்றுக்குத் தூரம்' என்று எல்லை ஓரமாகத் தோண்டினால், அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் பக்கம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று அந்த வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள், காரணம் தெரியாது. வேலிச் சண்டையைவிடப் பெரிய அநியாயம் இது என்பேன்.

இங்கிலாந்தில் இருக்கிற என் நாத்தனார் மகள் ஒரு விஷயம் சொன்னாள். அங்கே தோட்ட வேலி 2 மீட்டர் வரை அனுமதியில்லாமல் போடலாமாம், வண்டி போகிற சாலையை ஒட்டி என்றால் 1 மீட்டர்தான். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கிற வேலிச்செடி வானத்தை மறைத்தால் புகார் கொடுக்க 2003-ல் சட்டத்திலேயே வழி செய்தார்கள். நம் சண்டையை நாம் மட்டும்தான் போடுகிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் துவைக்கிற கல்லை நாலு பேர் சேர்ந்து நகர்த்திப் போட்டார்கள். தெருப் பக்கம் அவர்கள் வாசல்படி இருந்த அரையடியை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம், 'அனுமதி' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான். அது என்னவர் பிடிவாதம். அவரும் அண்ணாச்சியும் இன்னும் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொள்கிறார்கள். ஆம்பிளைகளுக்குக் கொஞ்சம் நாளாகும்.

முருங்கை இப்போது அந்தப் பக்கம். வெட்டவில்லை. ஆனால் கிளை பூராவும் சுவர் தாண்டி எங்கள் பக்கம்தான் தொங்குகிறது. எல்லை தாண்டி வருகிற கிளையை நம் பக்கம் நின்று வெட்டிக்கொள்ளலாம் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1894-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் வெட்டின கிளையும் காயும் மரத்துக்காரருக்குத்தான் சொந்தம். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் காலத்தில், 1707-ல் எழுதி வைத்த தேசவழமையிலும், பக்கத்து வளவுக்குள் சாய்ந்து போன தென்னையின் காய் நட்டவருக்கே என்று இருக்கிறது. சாய்ந்து விழுகிற மாதிரி ஆபத்தான மரம் என்றால் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து அகற்றச் சொல்லலாம். எங்கள் முருங்கை அப்படியொன்றும் ஆபத்தில்லை, கம்பளிப்பூச்சி சீசனில் மட்டும் கொஞ்சம் தொல்லை.

முந்தாநாள் சாம்பாருக்குக் காய் இல்லை. சுவர் ஓரம் நின்று, "மதினி, நாலு காய் பறிச்சுக்கிடட்டுமா?" என்று குரல் கொடுத்தேன்.

"இதுக்கெல்லாமா கேப்பிய?" என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "எனக்கும் ரெண்டு பறிச்சுப் போடுங்க. எனக்கு எட்ட மாட்டேங்கு."